மாமனாரின் கோழிகளும் இரண்டு விசிலும்

அன்று கபடித் திடலில் இருந்தவர்களைச் சொல்கிறேன். என் மாமனார் இருந்தார். அத்தை, அதாவது அவர் மனைவி, வேப்பமர நிழலில் இருந்தார். பக்கத்துக் கொல்லைக்காரர் முன்வரிசை நாற்காலியில் இருந்தார்; முதல் பரிசுக் கோப்பை அவர் உபயம். பக்கத்துக்கு ஏழு பேராக ஆடுகிறவர்கள் இருந்தார்கள். விசிலோடு நடுவர் இருந்தார். நான் இருந்தேன். கோழிகள் அப்போது அங்கே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவையும் வந்தன.

மாமனார் கண்டக்டராக இருந்தவர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் நின்றுகொண்டே காலத்தை ஓட்டியவர். ஓய்வு பெற்றதும், உட்கார வேண்டும் என்று, பண்ருட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு முந்திரிக் கொல்லை வாங்கினார். உள்ளே நாலு பலா மரம், ஒரு ஓட்டு வீடு. வருமானத்துக்கு இல்லை, ஆசைக்கு. கோழிகளும் ஆசைக்குத்தான். இருபத்துமூன்று இருந்தன. முட்டையை விற்க மாட்டார், வருகிறவர் கையில் கொடுத்துவிடுவார். நான் லாரிக்குப் பலாப்பழம் ஏற்றுகிறவன். அந்தப் பக்கம் வேலை இருந்தால் அங்கேதான் சாப்பாடு. அவரும் நானும் அதிகம் பேச மாட்டோம். கோழிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதுவே போதுமாக இருந்தது.

பங்குனியில் அந்தக் கொல்லை நன்றாக இருக்கும். முந்திரிப் பூ வாசம் வீடு வரைக்கும் வரும். பலாவின் அடிமரத்தில் பிஞ்சு தொங்கும். கோழிகள் நாள் முழுக்கச் சருகைக் கிளறும். பெட்டைகள் நினைத்த இடத்தில் முட்டை வைக்கும். ஒரு பெட்டை என் ஹெல்மெட்டில் வைத்து, அதிலேயே அடையும் உட்கார்ந்துவிட்டது. நான் எடுக்கப் போனேன். "மாப்ள, எழுப்பாதீங்க. பஸ்ஸுல போங்க" என்றார் மாமனார். குஞ்சு பொரிக்கும் வரைக்கும் பஸ்ஸில்தான் போனேன்.

கோழிகளை அவர் விசிலுக்குப் பழக்கியிருந்தார். சாயங்காலம் கூண்டுக்குள் கம்புத் தானியத்தைப் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்று இரண்டு விசில் ஊதுவார். எங்கே இருந்தாலும் ஓடி வரும். கதவருகில் நின்று, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று ஏற்றி, எண்ணி, கதவைச் சாத்துவார். ஒரு விசிலுக்கு நிற்கவும் பழக்கிப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை. பஸ்ஸும் பாதி நாள் அப்படித்தான் என்றார். இப்போது முழங்கால் ஒத்துழைக்காமல், சிதம்பரத்தில் மகன் வீட்டு மாடியில் இருக்கிறார். கொல்லையை நான் பார்க்கிறேன். நான் ஊதினால் பாதிக் கோழிதான் வரும். அதனால் சாயங்காலம் போன் போடுவார். ஸ்பீக்கரைப் போட்டு கூண்டின் மேல் வைப்பேன். அங்கிருந்து இரண்டு விசில். எல்லாம் வந்துவிடும். மகனுடைய வீட்டுக்குக் கீழே குடியிருப்பவர்கள் முதலில் பயந்தார்களாம்.

கபடி நடந்த வருஷம் பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தது. எங்கள் கொல்லைக்குத் தண்ணீரும் அந்தக் கொல்லைக்காரரின் போர்வெல்லில் இருந்துதான் வந்தது. கோழிகள் வேலியில் நுழைந்து போய் மல்லாட்டைப் பாத்தியைக் கிளறின. அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை வாசலில் வந்து நின்றார்.

"கண்டக்டரே, இன்னொரு வாட்டி ஒரு கோழி காலு என் மல்லாட்டைல பட்டுதுன்னு வையி, மோட்டார் தண்ணிய மறந்துடு."

அவர் போனதும் அத்தை சொன்னார். "தண்ணி இல்லன்னா மரம் காயும். அதுக்கு முன்னாடி எல்லாத்தயும் சந்தைக்கு ஏத்திடுவேன். தண்ணியா கோழியான்னு நீயே பாத்துக்கோ."

மாமனார் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் நானும் அவரும் வேலியை முள் வைத்து அடைத்தோம்.

அடைத்த இரண்டாம் நாள்தான் கபடி. திடல் அந்த மல்லாட்டைக் கொல்லையைத் தாண்டி அந்தப் பக்கம். ஆட்டம் சூடாகி, கம்பு போடுகிற நேரம் தாண்டிவிட்டது. மாமனார் எழுந்திருக்கவில்லை. ஒருவன் பாடிக்கொண்டு போனபோது ஏதோ தகராறு. நடுவர் இரண்டு விசில் ஊதினார். யாரும் கேட்கவில்லை. இன்னும் இரண்டு ஊதினார்.

மல்லாட்டைச் செடிகள் ஆடின. அப்புறம் கோழிகள் தெரிந்தன. முள் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. பாத்தியைக் குறுக்கே மிதித்து, வரிசை இல்லாமல் ஓடி வந்து, கோட்டுக்குள் நின்று நடுவரைப் பார்த்தன. பாடிக்கொண்டிருந்தவன் பாட்டை விட்டான். அவனை அவுட் என்றார்கள்.

"கோழி வந்தா அவுட்டா? எந்த ரூல்ஸ்ல இருக்கு?" என்று அவன் கோழிகளுக்கு நடுவிலேயே நின்று கேட்டான்.

நடுவர் மறுபடி விசிலை வாயில் வைத்தார். மாமனார் போய் அவர் கையைப் பிடித்தார். "தம்பி, ஊதாத. ஊதுனா ஒண்ணும் நகராது. ஒங்கிட்ட கம்பு இருக்குன்னு நெனச்சிக்கிட்டிருக்கு."

பிறகு இடுப்பிலிருந்து தன் விசிலை எடுத்து இரண்டு ஊதிவிட்டு, ரோட்டு வழியாக நடந்தார். கோழிகள் பின்னால் போயின. அவற்றின் பின்னால் பக்கத்துக் கொல்லைக்காரர், அத்தை, கடைசியில் நான். திடலில் கை தட்டினார்கள். மாமனார் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கழுத்து வேர்த்திருந்தது.

கூண்டு வாசலில் பக்கத்துக் கொல்லைக்காரர் இடுப்பில் கை வைத்து நின்றார். "எத்தினி கோழி மிதிச்சிதுன்னு எனுக்குத் தெரியணும். நான் எண்ணுறேன்."

மாமனார் உள்ளே கம்பைப் போட்டார். ஒவ்வொன்றாக ஏறின. பக்கத்துக் கொல்லைக்காரர் விரலை நீட்டிச் சத்தமாக எண்ணினார். இருபத்துமூன்றில் நிறுத்தி அத்தையைப் பார்த்தார். அத்தை தலையைக் குனிந்துகொண்டார். அப்போது வெளியே மிச்சம் ஒன்று நின்றது. சிவப்புச் சேவல், பெரிய வால். எண்ணியவர் வீட்டுச் சேவல். அதுவும் பாத்தியை மிதித்துத்தான் வந்திருக்கிறது. எங்களைப் பார்க்காமல் உள்ளே ஏறியது.

மாமனார் மெதுவாகச் சொன்னார். "அண்ணே, நம்முளுது எல்லாம் டிக்கெட்டு. இது ஒண்ணு வித்தவுட்டு."

அத்தைக்குச் சிரிப்பு வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பக்கத்துக் கொல்லைக்காரர் குனிந்து சேவலைப் பிடித்து அக்குளில் இடுக்கினார். "எங்க வூட்ல உனுக்கு என்னாடா கொறச்சல்?" என்று அதைக் கேட்டார். தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

விடிந்ததும் மாமனாரும் அத்தையும் குழாய் முனையில் போய் நின்றார்கள். நானும் நின்றேன். வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பக்கம் மோட்டார் இருமியது. குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு சேறு, பிறகு தண்ணீர். அத்தை முகம் கழுவிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

அன்று சாயங்காலம் மாமனார் கம்பு போட்டு இரண்டு விசில் ஊதினார். என்னை எண்ணச் சொன்னார். எண்ணினேன்.

இருபத்துநாலு.