பல் சேரும் இடம்

டக் டக்கென்று மேசை விளிம்பில் பல் அச்சைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஊற்றிய பிளாஸ்டர் மாவுக்குள் ஒரு காற்றுக் குமிழி தங்கிவிட்டாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் மாவண்ணன். புருவத்திலும் காது மடலிலும் சட்டைப்பையிலும் வெள்ளை மாவு. தட்டியும் கேட்காமல் எங்காவது குழி விழுந்துவிட்டால், அதை அடைத்துத் தேய்த்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஆக்கிவிடுவார். "குமிழி விட்டான்னு ஒருத்தர் சொல்லிடக் கூடாது" என்பார்.

தாடை உடைந்து வருகிறவர்களின் பல்லுக்கு டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சில் மாவு வார்ப்பது அவர் வேலை. பிறகு அந்த மாவுத் தாடையை உடைந்த இடத்தில் அறுத்து, கீழ்ப்பல் மேல்பல்லோடு பொருந்தும்வரை நகர்த்தி மெழுகால் ஒட்டுவார். அவர் ஒட்டிய நிலையில்தான் ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா எலும்பை நிறுத்தி, சின்னச் சின்ன பிளேட்டுகளை வைத்து ஸ்க்ரூ முடுக்குவார். முடுக்கிவிட்டால் எலும்பு அப்புறம் அசையாது. மாவண்ணன் கொஞ்சம் பிசகினால் அந்த ஆள் ஆயுசுக்கும் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்க வேண்டியதுதான். இத்தனைக்கும் நோயாளியின் முகத்தை அவர் பார்ப்பதே இல்லை. பல்லைச் சொன்னால்தான் அவருக்கு ஆளைத் தெரியும்.

அன்று அவரைப் பாடாய்ப் படுத்தியது ஒரு சோபா தைப்பவரின் தாடை. ஏணியிலிருந்து விழுந்து இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மாவில் அது இரண்டு விதமாகவும் உட்கார்ந்தது. ஒரு விதத்தில் மேல்பல் வரிசையின் நடுவும் கீழ்ப்பல் வரிசையின் நடுவும் ஒரே கோட்டில் நின்றன, பார்க்க லட்சணமாக இருந்தது. இன்னொன்றில் கீழ்த்தாடை அரைப் பல் அளவு இடப்பக்கம் ஒதுங்கியது. கடைவாயில் நாலு பல் முன்பே போயிருந்ததால் எது சரியென்று சாட்சி சொல்லவும் ஆளில்லை.

"நேராவே வெச்சிடலாமே அண்ணே. காலையில முதல் கேஸ் இவர்தான்" என்றார் டாக்டரம்மா.

"வெச்சிடலாம் டாக்டர். மனசு ஒப்ப மாட்டேங்குது."

ஆளையே கேட்டுவிடலாம் என்று வார்டுக்குப் போனார். சோபாக்காரரால் பேச முடியவில்லை. ஒரு தாளில் 'தெரியலையே' என்று எழுதிக் காட்டினார். தன் பல் எப்படிச் சேருகிறதென்று யாருக்குத்தான் தெரியும்? பக்கத்தில் நின்ற மனைவியைக் கேட்டார்.

"நேராத்தான் இருந்துச்சு சார்" என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். "இல்ல, சிரிச்சா ஒரு பக்கமா போகும். அது சிரிக்கிறதாலயா, பல்லே அப்படியா? பன்னெண்டு வருஷமா பாக்குற முகம். இப்ப கேட்டா ஒண்ணும் பிடிபடலை சார்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வேலையில உக்காந்தா முன்பல்லுல ஆணியைக் கடிச்சுக்கிட்டேதான் பேசுவாரு. எங்க பல்லைப் பாக்குறது?"

மாவண்ணனுக்கு அந்த மாவுத் தாடை ஞாபகம் வந்தது. முன்பல் நுனியில் மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு பொடிக் குழிகள். ஆணி தேய்த்ததைக் குமிழி என்று நினைத்து அன்று காலையில்தான் அடைத்திருந்தார்.

தன் அறைக்கு ஓடி வந்து, அடைத்ததைக் கத்தி முனையால் சுரண்டினார். நேராக வைத்தால் குழிகள் விலகி நின்றன. இடப்பக்கம் ஒதுக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று நேர் வந்தன. டாக்டரம்மாவும் டார்ச் அடித்துச் சோபாக்காரரின் வாயைப் பார்த்துவிட்டு வந்தார். குழிகள் அங்கேயும் இருந்தன.

"நான்தான் டாக்டர் அடைச்சேன்" என்றார் மாவண்ணன். "ஒதுங்கினாப்லயே வைங்க."

"உறுதியா சொல்றீங்களா?"

"உறுதியா எப்படிச் சொல்றது? ஆணி கடிக்கிறப்ப மட்டும் தாடையை ஒதுக்கியிருந்தார்னா?"

டாக்டரம்மா மாவுத் தாடையை ஒதுக்கி ஒருமுறை மூடிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் ஒதுங்கின நிலையிலேயே பிளேட் வைத்தார்கள்.

ஐந்தாம் நாள் வீக்கம் வடிந்தது. மனைவி குனிந்து முகத்தைப் பார்த்துவிட்டு, "கோணலா இருக்கே சார்" என்றார். டாக்டரம்மா மாவண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

மாவண்ணன் ஒரு மெல்லிய தாள் துண்டை எடுத்துச் சோபாக்காரரின் இடக் கடைவாயில் மிச்சமிருந்த பல்லுக்கிடையில் வைத்தார். "மெதுவா கடிங்க." பல் சேரவில்லையென்றால் தாள் உருவிக்கொண்டு வந்துவிடும். இழுத்தார், வரவில்லை. வலப்பக்கம் வைத்து இழுத்தார், அங்கேயும் வரவில்லை. சோபாக்காரர் தாளைக் கடித்தபடியே மனைவியைப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டினார். மாவண்ணன் தாளின் நுனியை விடாமல் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.