தேய்க்க வேண்டாம் என்ற காளியப்பன்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த காளியப்பன், வெள்ளவத்தை காலி வீதியில் சிவபாதசுந்தரத்தின் கடையில் சென்ட் விற்றவர். பண்டாரவளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1979இல் அந்தக் கடைக்கு இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் ஒருவரின் பெயர் பொறித்த 'கொர்வோ' சென்ட் வரத் தொடங்கியது. கறுப்புப் போத்தல், பொன்னிற மூடி. மெல்லிய மணமல்ல, தோல், புகையிலை, மிளகு எல்லாம் கலந்தது. ஒருவர் பூசிக்கொண்டு ஏறினால் பஸ் முழுவதும் தெரியும்.

காளியப்பன் கடதாசியில் தெளித்துக் காட்டமாட்டார். தன் இடது முழங்கையின் உட்புறத்தில் தெளித்துக் கையை நீட்டுவார். வாங்க வந்தவர்கள் மணிக்கட்டில் பூசியதும் மற்றக் கையோடு சேர்த்துத் தேய்க்கப் போவார்கள். "அதுல்லன்ன எபா," என்று சிங்களத்தில் உடனே தடுப்பார். தேய்க்க வேண்டாம், மணம் கெட்டுவிடும். எவ்வளவு பெரிய இடத்துச் சீமாட்டி வந்தாலும், 'நோனா' என்று அழைத்து அதே சொல்தான்.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. சிங்களக் கும்பல் தமிழர் கடைகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு வந்தது. கடையில் முதலாளியும் காளியப்பனும் மட்டும் இருந்தார்கள். சாமான் அறையின் பின்கதவு கடலுக்குப் போகும் ஒழுங்கையில் திறக்கும். அங்கேயும் பொல்லுகளோடு ஆட்கள் நின்றார்கள்.

"முதலாளி, நீங்க சாமான் ரூமுக்குள்ள போங்க."

"நீ?"

"நான் அவுங்களோட அவுங்களா நின்னுக்கிறேன். என் சிங்களத்துல எவனும் குத்தம் கண்டதில்ல."

"உன்ரை சிங்களத்தை நம்பித்தான் நான் சாகப்போறனோ? உள்ளை வா, விசரா!"

காளியப்பன் அவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, அலுமாரியை இழுத்து மறைத்தார். அலவாங்கால் நெம்பிய இரும்புக்கதவு விழுந்தது. ஆட்கள் நெருக்கியடித்து நுழைந்தபோது அவரும் ஒரு கதிரைக்காலைத் தூக்கி, தான் தினமும் துடைத்த கண்ணாடிப் பெட்டியை அடித்து நொறுக்கினார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அலுமாரிக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவன் கொர்வோ போத்தலொன்றைத் திறந்து மணிக்கட்டில் தெளித்தான். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்த்தான்.

"அதுல்லன்ன எபா, மாத்தயா," என்றார் காளியப்பன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கொள்ளையடிக்க வந்தவன் 'ஐயா' என்று அப்படிப் பணிவாகச் சொல்லமாட்டான். "கடே மினிஹா!" கடைக்காரன் என்று கத்தினான். முதல் அடி தோளில் விழுந்தது, எலும்பு முறிந்தது. மூன்று நான்கு போத்தல்களை அவர்மேல் உடைத்து ஊற்றினார்கள். யாரோ ஒருவன் தீக்குச்சி கிழித்தான். இடது கையும் கழுத்தும் நீலமாகப் பற்றின.

அவர் முன்வாசலால் வெளியே பாய்ந்து, சுற்றி அந்த ஒழுங்கை வழியே கடலை நோக்கி ஓடினார். எரிகிற மனிதன் ஓடுவதைப் பார்க்கக் கடையில் நின்றவர்களும் ஒழுங்கையில் நின்றவர்களும் கூச்சலிட்டபடி பின்னால் ஓடினார்கள். காளியப்பன் ரயில் பாதையைத் தாண்டிக் கடலில் விழுந்தார். மேலிருந்து கல்லெறிந்தார்கள். ஒரு கல் காதைக் கிழித்தது. அந்த நேரத்துக்குள், ஒழுங்கை வெறிச்சோடியதைக் கண்ட எதிர்வீட்டுத் தையல்காரர் நிலாம், பின்கதவைத் தட்டிச் சிவபாதசுந்தரத்தைத் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார். திரும்பி வந்தவர்கள் கடையைக் கொளுத்தினார்கள்.

"வேணுமெண்டுதான் அப்பிடிச் சொன்னவன். என்னைக் காப்பாத்த," என்று சிவபாதசுந்தரம் எல்லோரிடமும் சொன்னார்.

நான் காளியப்பனிடமே கேட்டேன். "அதெல்லாம் இல்லீங்க. அவன் தேய்ச்சான், வாயில வந்துருச்சு."

1990இல் கடை மீண்டும் திறந்தது. கருகிய தோலில் மணம் நிற்கவில்லை; காளியப்பன் வலது கையை நீட்டப் பழகிக்கொண்டார். முதல் வாரம் நான் கடையில் இருந்தபோது ஒரு நோனா மணிக்கட்டில் கொர்வோவைத் தெளித்து, மற்றக் கையை அதன்மேல் வைத்தார். முதலாளி காசுமேசையிலிருந்து எழுந்தேவிட்டார்.

"காளி, வாயைப் பொத்து!"

"அதுல்லன்ன எபா, நோனா," என்றார் காளியப்பன்.