மேலே ஏறும் தண்ணீர்

ராத்திரி வியாபாரம் முடிந்து காலையில் கடையின் இரும்பு ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டபோது நான் தெருமுனையைத் தாண்டியிருந்தேன். தோளில் ஒரு பை, அவ்வளவுதான். பினாங்கில் நான் ரொட்டி போட்டுக்கொண்டிருந்த சாப்பாட்டுக்கடை அன்றோடு மூடப்பட்டது. மாதம் முடிவதற்குள் வேறு முதலாளி கிடைத்தால் வேலை பெர்மிட்டை அவர் பேருக்கு மாற்றித் தருவதாகவும், இல்லையென்றால் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவதாகவும் கடைக்காரர் சொல்லியிருந்தார். நல்ல மனிதர். நடந்துகொண்டே ஊரிலிருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஏலே, களியக்காவிளையில ஒரு கடைக்கு ஆள் கேட்டாவ. வாறியா?" என்றான். பார்க்கலாம் என்றேன். ஊருக்குப் போக எனக்கும் ஆசைதான். ஆனால் நானாகப் போக வேண்டும். அனுப்பிவைத்துப் போகக் கூடாது.

வேலை போனால் மலைப்பக்கம் நடப்பது என் பழக்கம். முன்பு மஸ்கட்டில் வேலை போய் அப்படி நடந்தபோது ஒரு புல்கூட இல்லாத மொட்டை மலைகள்தான் கிடைத்தன. பினாங்கு அப்படியில்லை. கடலோரம் அடுக்குமாடிகள், அவற்றின் முதுகில் உரசிக்கொண்டு பச்சை மலை. ரயில் ஏறும் உச்சிக்குக் கொடிமலை என்றும், முருகன் இருக்கும் குன்றுக்குத் தண்ணீர்மலை என்றும் இங்குள்ள தமிழர்கள் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் தமிழாக இருந்ததால் மலையும் எனக்குத் தெரிந்ததுபோலவே இருந்தது. அதுதான் தவறு.

தண்ணீர்மலையைத் தாண்டி, காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் கிராப்பு வெட்டிய ஒரு சீன ஆண்ட்டி நின்றிருந்தார். பக்கத்துத் திட்டில் தண்ணீர் நிரப்பிய பெரிய பாட்டில்கள். என்னைப் பார்த்ததும் மலாயில் ஏதோ சொல்லி, இரண்டு பாட்டில்களைக் கையில் திணித்து, மேலே கைகாட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கும்பிட்டுவிட்டு ஏறினேன்.

என் ஊர் பொற்றையடி. மருந்துவாழ் மலையின் அடிவாரம். அனுமன் தூக்கிக்கொண்டு பறந்த சஞ்சீவி மலையிலிருந்து உதிர்ந்த துண்டு அது என்பார்கள். விசேஷ நாட்களில் மலையேற வருகிறவர்களுக்கு அடிவாரத்தில் பானகமும் மோரும் கொடுப்போம். தாகமில்லை என்று சொல்லி யாரும் தப்ப முடியாது. "எங்க தண்ணி தொண்டையில எறங்காதோ?" என்று என் கூட்டாளிகள் வழிமறிப்பார்கள். மலைக்குப் போகிறவன் கையில் தண்ணீர் கொடுத்தால் அது அவன் குடிப்பதற்கு. இதில் வேறு அர்த்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆகவே முதல் வளைவில் ஒரு பாட்டிலை முடிந்தவரை குடித்தேன். மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். வெயில் ஏறியதும் இரண்டாவது பாட்டிலில் முகமும் காலும் கழுவினேன். சுகமாக இருந்தது. மேலே ஒரு தகரக் கொட்டகை. அடுப்பில் கெட்டில் கொதிக்க, ஏறி வந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் கொண்டுவந்த பாட்டிலை வரிசையில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். கெட்டில் அருகே நின்றவர் மாரியண்ணன். இங்கேயே பிறந்தவர், முன்பு லாரி ஓட்டியவர்.

"தண்ணிய அங்க வச்சிரு தம்பி" என்று தொடங்கியவர் என் பாட்டில்களைப் பார்த்ததும் நிறுத்தினார். "என்னா லா, காத்து கொண்டாந்திருக்க?"

"குடிச்சிட்டேன் அண்ணே."

"ரெண்டையுமா?"

"ஒண்ணுல காலு கழுவுனேன்."

அவர் அதை மலாயில் எடுத்துச் சொல்ல, கொட்டகையே சிரித்தது. "குடிக்க இல்லப்பா, சுமக்க. இங்க குழாய் கிடையாது. ஏறி வர்றவங்க கொண்டாற தண்ணியிலதான் டீ." பிறகு என்னைப் பற்றி விசாரித்தார்; கடை மூடியதையும் பெர்மிட் கதையையும் சொன்னேன். எனக்கும் ஒரு டீ ஊற்றினார். வாங்க மனம் வரவில்லை. காலி பாட்டில்களோடு இறங்கினேன். நிரப்பிக்கொண்டு ஏறி, வரிசையில் வைத்தேன். அப்போதும் மனம் ஆறாமல் இன்னொருமுறை இறங்கி ஏறினேன். இரண்டாவது தடவை கொட்டகையில் அந்த ஆண்ட்டியே உட்கார்ந்திருந்தார். நான் பாட்டிலை வைப்பதைப் பார்த்துவிட்டு மாரியண்ணனிடம் நீளமாகப் பேசினார். திட்டுகிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆண்ட்டிக்கு மேல கீரைத்தோட்டம் இருக்கு. பைக் ஏறாத இடம். உரம், அரிசி எல்லாம் தூக்க ஆள் இல்ல" என்றார் மாரியண்ணன். "கால் கழுவுனதுக்கு ரெண்டு தடவ ஏறுறவன் ஓடிப்போக மாட்டானாம். பெர்மிட்ட தன் பேருக்கு மாத்திக்கிறேங்குது. செய்றியா?"

அப்போதுதான் மாரியண்ணன் கையால் டீ வாங்கிக் குடித்தேன். நீரிணைக்கு அப்பால், கெடா பக்கத்தில், குனோங் ஜெராய் மலை தனியாக நீலமாய் நின்றது. வயலுக்கு நடுவே அப்படித் தனியாக நிற்கும் மலையை ஊரில் நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அண்ணனிடம் சொன்னபோது, "சொமடு தூக்கவா மக்கா அவ்வளவு தூரம் போன?" என்றான். அனுமன் ஊர்க்காரன் வேறு என்ன செய்வான் என்றேன்.

மறுநாள் காலை வேலையில் சேர்ந்தேன். அடிவாரத்தில் ஆண்ட்டி என் முதுகில் உரமூட்டையை ஏற்றி, இரண்டு கையிலும் பெரிய பாட்டில்களைக் கொடுத்து, மேலே கைகாட்டினார். பிறகு ஏதோ நினைத்தவராக ஒரு சின்னப் பாட்டிலை என் சட்டைப்பையில் செருகி, என் தொண்டையைச் சுட்டிச் சிரித்தார். பெரியவை இரண்டும் சொட்டுக் குறையாமல் கொட்டகை போய்ச் சேர்ந்தன. சின்னதை, வழியில் கடல் தெரியும் வளைவில் நின்று, பொற்றையடிக்காரன் குடித்தான்.