அழித்துவிட்டு எழுதியவர்

அவிநாசி சாலையில் நான் படித்த கணினிப் பயிற்சி நிலையத்தில் அவருக்கு என் பக்கத்து இருக்கை. நாற்பதை நெருங்கிய பெண். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை முடிந்ததும், தலைமுடியில் ஒட்டிய பஞ்சுத் துகளோடு நேராக வகுப்புக்கு வந்துவிடுவார்.

நான் எதிலும் நிலைகொள்ளாதவன். ஹெச்டிஎம்எல் பாதியில் இருக்கும்போதே ஜாவாஸ்கிரிப்ட்டுக்குத் தாவுவேன். யாரோ எழுதியதை வெட்டி ஒட்டி, அது வேலை செய்ததும் அடுத்ததற்கு ஓடுவேன். அவரோ தன் இணையப் பக்கம் சரியாக வந்ததும் மொத்தத்தையும் அழித்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி தட்டுவார். பார்க்கும் எனக்கு எரிச்சலாக வரும்.

தேர்வன்று அவருடைய பக்கம் என்னுடையதைவிட அழகாக வந்திருந்தது. சார் எங்கள் வரிசைக்கு வருவதற்குள் அதையும் அழித்துவிட்டார்.

"ஏனுங்க அக்கா, இப்பப் போயி அழிச்சுட்டீங்க! சார் வந்துட்டாருங்க."

"ஒருக்கா தப்பித்தவறிக்கூடச் சரியா வந்துருமுங்க தம்பி. ரெண்டாந்தடவையும் வந்தாத்தானுங்க எனக்குத் தெரியும்னு அர்த்தம்."

சார் வந்தபோது அவர் பாதிதான் எழுதியிருந்தார். "முடிக்கல" என்று குறித்துக்கொண்டு சார் நகர்ந்தார். அக்கா மீதியையும் நிதானமாகத் தட்டி முடித்தார், ஒரு முறை பார்த்தார், அதையும் அழித்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

சான்றிதழ் எனக்குத்தான் கிடைத்தது. அதைக் காட்டி வேலையும் வாங்கினேன். இன்றைக்கும் வெட்டி ஒட்டித்தான் பிழைப்பு ஓடுகிறது. ஒவ்வொரு பக்கமும் சரியாக வந்து நிற்கும்போது, அழித்துவிட்டு எழுதிப் பார்ப்போமா என்று கை பரபரக்கும்.

உடனே சேமித்துவிடுவேன்.