தேங்காய் மனு கொடுத்த நோட்டீஸ்

உதியன்குளங்கரையில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் நான் ஃபோர்மேனாக இருந்தபோது, ஒரு காலை மூன்று இளைஞர்கள் முகம் சிவக்க வந்தார்கள். கோயில் திருவிழாவில் பெஞ்சு போட்டு, பொழுதுபோக்குக்காக ஆட்களைப் பார்த்துக் கேலிப்படம், அதாவது கேரிக்கேச்சர், வரைகிறவர்கள். கையில் ஒரு நோட்டீஸ். அதில் மூவரும் ஒரு தேங்காயைப் பார்த்து வரைகிறார்கள். தேங்காயோ, "இது நான் இல்லை" என்று போலீசில் மனு கொடுக்கிறது. ஊர் முழுக்க ஒட்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"சேட்டா, கீழ பிரஸ் பேரு இல்ல. இது ஆராக்கும் அடிச்சது?" என்றான் ஒருவன்.

தெரியாது என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நோட்டீஸின் வலது மூலையில் நக அளவு வெள்ளை. மையைத் தாளுக்குக் கொடுக்கும் ரப்பர் ஷீட்டை பிளாங்கெட் என்போம். எங்கள் பிளாங்கெட்டில் அதே இடத்தில் தாளைத் தொடாத ஒரு பள்ளம் உண்டு.

முதலாளியிடம் காட்டினேன். அந்தத் திருவிழாவில் அவரையும் வெறும் மூக்கும் தொப்பையுமாக வரைந்து தொங்கவிட்டிருந்தார்கள். அன்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான். இப்போது முகம் இறுகியது.

"பிரஸ்ஸுக்க மானம் போச்சு. ஆருன்னு நீயே கண்டுபிடி" என்றார்.

அன்றிலிருந்து சந்தேகம் என்னைத் தின்றது. ராத்திரியில் யாரோ பிரஸ்ஸைத் திறந்து அடித்திருக்க வேண்டும். ஆபரேட்டர் ஸ்டீபனிடமும் பிரஸ் சாவி ஒன்று உண்டு. அவன் கை கழுவும்போதெல்லாம் மையின் நிறத்தைப் பார்த்தேன். கடைசியில் நோட்டீஸை நீட்டினேன்.

"எலே, இந்த வெள்ளை எந்த மெஷினுக்கது?"

அவன் நோட்டீஸைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "நான் அடிக்கல்ல அண்ணா."

"பின்ன ஆரு?"

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு மெஷினைத் துடைக்கத் தொடங்கினான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நினைத்தேன். முதலாளியிடம் அவன் பெயரைச் சொன்னேன். மறுநாள் அவனுக்கு வேலை இல்லை.

ஓய்வு பெற்றபின், போன மாதம் அமரவிளை பஸ் ஸ்டாப்பில் அவனைப் பார்த்தேன்.

"அண்ணா, இப்பவும் படம் வரையியளா?"

பிரஸ்ஸில் இருந்த நாளில் வேஸ்ட் தாளில் நான் முகங்கள் கிறுக்குவது உண்டு. அதை அவன் மறக்கவில்லை.

"அந்த நோட்டீஸ் நீங்க அடிச்சதுன்னு நெனச்சேன். அதாக்கும் அன்னைக்கு வாயத் தொறந்து மிண்டாம நின்னது" என்றான்.

"நான் இல்லலே" என்றேன். வெட்கமாக இருந்தது.

சாவி மூன்று பேரிடம் இருந்தது. அவன், நான், முதலாளி. மூன்றாவதை நான் எண்ணவே இல்லை. பிரஸ் வேலைக்கு வருகிற பிள்ளைகள் இதை மனத்தில் வையுங்கள்: பிளாங்கெட்டின் பள்ளம் மெஷினைத்தான் காட்டும், அடித்த ஆளைக் காட்டாது. அவனும் சந்தேகப்பட்டான், நானும் சந்தேகப்பட்டேன். அவன் வாயை மூடிக்கொண்டான். நான் போய்ச் சொன்னேன்.