எல்லா சீசனுக்குமான டயர்

காரின் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது மோட்டார் வாகன விதி. அரசு அலுவலகத்தில் விதிகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்ற நான், அந்த அளவை எட்டுவதற்கு முன்பே நான்கு டயர்களையும் மாற்ற முடிவு செய்தேன். கொடைக்கானலில் இப்படிச் செய்தவனைக் கேலியாகத்தான் பார்ப்பார்கள். இங்கே ஓடும் பாதி வண்டிகளின் டயர் குழந்தையின் கன்னத்தைவிட வழவழப்பானது.

எனக்கு அவசரம் இருந்தது. மனைவிக்கு மாதம் ஒரு முறை பழனியில் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். ஒரு மாதம் தவறினாலும் பார்வை போய்விடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். ஐப்பசி மழை வரப்போகிறது. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து வடகவுஞ்சி வழியாக இறங்கும் மலைப்பாதை அப்போது சோப்பு தேய்த்த தரை போல ஆகிவிடும்.

பழனி போகும் வழியில், பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு டயர் கடை. எனக்கு வேண்டியதைத் தெளிவாகச் சொன்னேன். வெயில், மழை, மூடுபனி, எல்லாக் காலத்திலும் மலையில் ஏறி இறங்க வேண்டும்.

"ஆல் சீசன் டயரு சார். எல்லா சீசனுக்கும் கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்றார் கடைக்காரர்.

தயாரித்த வாரத்தைப் பார்த்தேன், அளவைப் பார்த்தேன், ரசீதில் 'ஆல் சீசன்' என்று எழுதச் சொல்லி வாங்கினேன். முறைப்படி எதையும் விடவில்லை.

முதல் மழையிலேயே வடகவுஞ்சிக்குக் கீழே ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். கார் என் பேச்சைக் கேட்காமல் வழுக்கிக்கொண்டே போய், தடுப்புச் சுவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. மனைவி கதவைத் திறந்து இறங்கினாள்.

"ஏங்க, கண்ணு தெரியணும்னுதான் ஊசிக்குப் போறேன். உசுரோட இருந்தாத்தான கண்ணு? இந்த டயர மாத்துற வரைக்கும் ஒங்க வண்டி சோலியே வேணாம்."

பின்னால் வந்த பேருந்தைக் கைகாட்டி நிறுத்தினாள். காரை ஓரமாக ஒதுக்கிவிட்டு அவளோடு நானும் ஏறிக்கொண்டேன். ஊசி போட்டு முடித்ததும் நேரே கடைக்குப் போனேன்.

"மழையில வழுக்குதே, இதுவா எல்லா சீசனும்?"

கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "என்ன சார் நீங்க? ஏப்ரல், மே சீசன், பூஜா லீவு சீசன், கிறிஸ்மஸ் சீசன். எல்லாத்துக்கும் தாங்கும். மழையில எவன் சார் மலைக்கு வர்றான்? டாக்ஸிக்காரங்க நல்ல டயரக் கழட்டி வச்சிட்டு மொட்டை டயரப் போட்டுக்கிற நேரம் சார் அது. ஒங்களுக்கும் நாலு மொட்டை கெடக்கு, தரவா?"

சீசன் என்றால் பருவம் என்று நினைத்தது நான் ஒருவன்தான். இவர்களுக்கு அது சுற்றுலாப் பயணி. வழுக்காத காலத்துக்கு நல்ல டயர், வழுக்கும் காலத்துக்கு மொட்டை டயர். இந்த ஏற்பாட்டை ஒரு மலையே கூடி ஒப்புக்கொண்டிருக்கிறது.

"மாத்திக் கொடுங்க."

"வண்டியில ஏறுன டயர எப்படி சார் எடுக்கிறது? மழைக்கு ஆகாதுன்னு கம்பெனி எழுதிக் குடுத்தா மாத்தித் தர்றேன். வெரசா எழுதி வாங்கியாங்க."

இன்னொரு நான்கு டயர் வாங்க ஓய்வூதியம் இடம் கொடுக்கவில்லை. கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பதிவுத் தபால் அனுப்பினேன், நினைவூட்டல் அனுப்பினேன். புகார் எண் மட்டும் உடனே வந்தது. அந்த எண்ணைச் சொல்லித் தொலைபேசியில் கேட்டால், நான் மிகவும் மதிப்புக்குரிய வாடிக்கையாளர் என்று ஒரு பெண்குரல் சொல்லும். பிறகு பாட்டு போடுவார்கள்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மார்கழிப் பனியிலும் மனைவி தனியார் பேருந்தில் போய் வந்தாள். ஒருநாள் அவளை ஏற்றிவிட்டுக் குனிந்து பேருந்தின் பின்சக்கரத்தைப் பார்த்தேன். டயரில் பள்ளம் இருந்த அடையாளமே இல்லை. அவளிடம் சொல்லவில்லை, வேறு வண்டி என்னிடம் இல்லை. பழனி போய்ச் சேர்ந்ததாக அவள் போன் செய்யும்வரை, ஈரச் சாலையைப் பார்த்தபடி வாசலில் நின்றேன்.

பங்குனியில் கடைசி ஊசியும் முடிந்தது, பார்வை தப்பியது. இனி மாதாமாதம் வர வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

'ஈரமான மலைச்சாலைகளுக்கு இந்த ரகத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை' என்ற கம்பெனியின் பதில், அக்னி நட்சத்திரம் தொடங்கிய மே நான்காம் தேதி வந்தது.