கண்ணை மூடிக் கதை கேட்டவர்

புதிதாகச் சினிமாக் கதை எழுதுகிறவர்களைக் கம்பெனிகளில் சேர்த்துவிடுகிற ஏஜெண்டு அவர். தவளக்குப்பம் லாட்ஜில் வந்து தங்கியிருந்தார். தலை வெளுத்திருக்க, மீசைக்கு மட்டும் மை பூசியிருந்தார். யார் கதை சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். பாதியில் கண்ணைத் திறந்தால் சொன்னவர் எழுந்து போய்விட வேண்டும்.

அஞ்சாவது மட்டும் படித்த நான், மூன்று வருஷம் எழுதிய நோட்டை நீட்டினேன்.

“எந்தப் புரொடியூசரும் படிக்க மாட்டான் ஆயா. வாயால சொல்லு.”

நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது. முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். அவர் கண்ணைத் திறந்தார்.

“இன்னா ஆயா, என்னைத் தூங்க வெச்சிட்டு நீயும் தூங்கிட்டியா?”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். எழுந்து போகப் பார்த்த என்னிடமிருந்து நோட்டை வாங்கி, எனக்கு அடுத்து இருந்த பெண்ணிடம் கொடுத்து, “நீ பாத்து சொல்லும்மா” என்றார்.

அவள் அதைப் பார்த்தபடியே கையை ஆட்டி, சிரித்து, அழுது சொன்னாள். நான் எழுதியதைக் கேட்டு எனக்கே கண் கலங்கியது. அவர் கடைசிவரை கண் திறக்கவில்லை.

“உன்னை நான் எடுத்துக்கிறேம்மா” என்றார்.

“கதை இவங்களுது சார்.”

“கதை யாருகிட்டதான் இல்ல?” என்றவர் என் பக்கம் திரும்பி, “எப்பிடி ஆயா இருந்துச்சு?” என்றார். கிண்டலாகத் தெரியவில்லை. நிஜமாகவே கேட்டார்.

“நல்லா இருந்துச்சுப்பா” என்றேன்.